அபின் போருக்கு ஓட்டுப் போட்டவர்கள்: கேள்வி பதில்

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனின் கட்சிச் சண்டைகளுக்கும் பேரரசு விரிந்ததற்கும் என்ன தொடர்பு என்று பலரும் கேட்டிருந்தீர்கள். சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் தருகிறேன்.

நெல்லைக்காரன்: அபின் விற்பதற்காகச் சீனா மீது போர் தொடுத்ததை நாடாளுமன்றத்தில் யாருமே எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள். 1840 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் அரசு தப்பியது வெறும் 9 ஓட்டில்: 271–262. பின்னாளில் பிரதமரான, அப்போது முப்பது வயதான கிளாட்ஸ்டன் போரைக் கடுமையாகச் சாடிப் பேசினார். ஆனால் எதிர்க்கட்சியின் தீர்மானத்தைப் படித்தால் அபின் பாவம் என்று எங்கும் இருக்காது. சீனத் துறைமுக நகரமான காண்டனில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிக்கு ஒழுங்காக உத்தரவு அனுப்பாமல் குளறுபடி செய்துவிட்டீர்கள் என்பதுதான் குற்றச்சாட்டு.

உண்மையான சிக்கல் பணம். சீன அதிகாரி லின் சீசூ 1839-ல் அழித்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அபின் பெட்டிகளை வியாபாரிகள் சும்மா ஒப்படைக்கவில்லை. பிரிட்டிஷ் அரசு ஈடு கட்டும் என்று காண்டனில் இருந்த அந்த பிரிட்டிஷ் அதிகாரி சார்ல்ஸ் எலியட் வாக்குக் கொடுத்திருந்தார். லண்டன் பட்ஜெட்டிலோ ஏற்கெனவே துண்டு விழுந்துகொண்டிருந்தது. அபின் வியாபாரிக்குக் கொடுக்கப் புது வரி போடுகிறோம் என்று எந்த மந்திரி எழுந்து நின்று சொல்வார்? சீனாவிடமே கறந்துவிடலாம் என்று முடிவானது. போரை முடித்த 1842 நான்கிங் ஒப்பந்தப்படி சீனா தர வேண்டியிருந்தது 2.1 கோடி வெள்ளி டாலர். அதில் 60 லட்சம் அந்த அபினுக்கு.

மலர்விழி: 1857-ல் சீனா மீதான இன்னொரு போரை எதிர்த்தவர்கள் தேர்தலில் தோற்றார்களாமே?

படுதோல்வி. ‘ஏரோ’ என்ற கப்பல் சீனருக்குச் சொந்தம். பதிவு ஹாங்காங்கில், அதுவும் காலாவதியாகி இருந்தது. அதிலிருந்த 12 மாலுமிகளைக் காண்டன் போலீசார் பிடித்துப் போனார்கள், பிரிட்டிஷ் கொடியையும் இறக்கினார்கள் என்று சொல்லி, ஹாங்காங் ஆளுநர் பௌரிங் அந்த நகரத்தின் மீது குண்டு வீசச் செய்தார். (இந்த பௌரிங் முன்பு சமாதானச் சங்கத்துக்காரர்!) நாடாளுமன்ற உறுப்பினர் காப்டன் கொண்டுவந்த கண்டனத் தீர்மானம் 263–247 என்று நிறைவேறியது. பிரதமர் பாமர்ஸ்டன் சளைக்கவில்லை. அவையைக் கலைத்துவிட்டு, கொடிக்கு நேர்ந்த அவமானத்தையே பிரசாரமாக்கினார். காப்டன் தோற்றார். பஞ்சாலை நகரமான மான்செஸ்டரிலேயே அவருடைய கூட்டாளி பிரைட் தோற்றார். நாடாளுமன்றத்தில் தோற்ற போர் வாக்காளரிடம் ஜெயித்துவிட்டது. அப்புறம் சீனாவுக்குக் கிளம்பிய படையில் ஒரு பகுதியைச் சிப்பாய்க் கிளர்ச்சியை அடக்கக் கல்கத்தாவுக்குத் திருப்ப வேண்டியதாயிற்று.

பழையபேப்பர்: அப்போது யாருக்கெல்லாம் ஓட்டு இருந்தது?

1832 தேர்தல் சீர்திருத்தத்துக்குப் பிறகும் வயதுவந்த ஆண்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான். நகரத் தொழிலாளிகளில் பெரும்பகுதிக்கு 1867-ல் கிடைத்தது. 1832-க்கு முன் நிலைமை கூத்து. மான்செஸ்டருக்குத் தனி உறுப்பினரே இல்லை. ஆள் குடியிருக்காத ஓல்டு சாரத்துக்கு இரண்டு பேர். நம் சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட்டின் குடும்பம் நெடுங்காலம் அந்தத் தொகுதியைச் சொத்துப்போல வைத்திருந்தது.

சுகுமார்: பேரரசை விரிப்பதை எதிர்த்துப் பேசிய கிளாட்ஸ்டனே எகிப்தைப் பிடித்தது எப்படி?

ஸ்காட்லாந்தின் மிட்லோதியன் தொகுதிக் கூட்டங்களில், அப்போதைய பிரதமர் டிஸ்ரேலியின் ஆப்கன், சூலு போர்களைக் கிழித்துத் தொங்கவிட்டு 1880-ல் ஆட்சிக்கு வந்தவர், 1882 ஜூலையில் அலெக்சாந்திரியா மீது பீரங்கி முழங்க அனுமதித்தார். அதே ஆண்டு மே மாதம் டப்ளினில் அயர்லாந்து அமைச்சர் கொல்லப்பட்டிருந்தார். இன்னொரு இடத்திலும் தளர்வாகத் தெரிய அமைச்சரவை விரும்பவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. சூயஸ் கால்வாயில் போன கப்பல்களில் பெரும்பாலானவை பிரிட்டனுடையவை என்பதும் உண்மை. கிளாட்ஸ்டனின் சொந்த முதலீட்டில் கணிசமான பங்கு எகிப்து கடன் பத்திரங்களில் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரைட் இதை எதிர்த்து அமைச்சர் பதவியை விட்டு விலகினார்.

தறிக்காரன்: லங்காஷயர் ஓட்டுக்கும் இந்தியத் துணிக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக உண்டு. இந்தியாவில் இறங்கும் துணிக்கு இருந்த சுங்கத்தை நீக்கு என்று மான்செஸ்டரைச் சுற்றிய பஞ்சாலை வட்டாரமான லங்காஷயரின் ஆலைக்காரர்கள் நச்சரித்தார்கள். அங்குள்ள தொகுதிகள் கட்சிகளுக்கு முக்கியம். தாது வருஷப் பஞ்சம் முடிந்து கஜானா காய்ந்திருந்த 1879-ல், தன் ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மையையே மீறி, முரட்டுத் துணி மீதான சுங்கத்தை வைஸ்ராய் லிட்டன் ரத்து செய்தார். 1882-ல் மிச்சமும் போனது. பிறகு பணமுடையால் சுங்கம் திரும்பி வந்தபோது, 1896-ல் இறக்குமதித் துணிக்கு 3.5 சதவீதம் என்றால் இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3.5 சதவீதம் கலால். அந்தக் கலாலை எடுக்க 1926 ஆனது.