கஞ்சிப்பாசியில் இருப்பதை நெல்லில் வைத்தால் என்ன? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணே,

ஒளிச்சேர்க்கை பற்றிய உங்கள் கட்டுரையில், சிவப்புப் பாசிகளின் ரூபிஸ்கோ (கரியமில வாயுவைப் பிடிக்கும் புரதம்) நெல்லில் இருக்கும் ரூபிஸ்கோவை விடக் கெட்டிக்காரத்தனமானது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எங்கள் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை எல்லாம் சின்ன வயதிலிருந்து நானும் கரையில் காயப்போட்டிருக்கிறேன். அந்த வரியை வாசித்துக் காட்டியதும் அம்மா சிரித்துவிட்டு, "அம்புட்டு நல்லதுன்னா அதை எடுத்து நெல்லுல வச்சுற வேண்டியதுதான, எதுக்குக் காத்துக் கெடக்காக?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. புரதத்தில் ஓர் இடத்தை மாற்றினாலே ஒளிச்சேர்க்கை மாறிவிடும் என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் ஏன் இன்னும் மாற்றவில்லை? பெயர் போட வேண்டாம்.

தாவரவியல் இரண்டாம் ஆண்டு மாணவி,
கீழக்கரைப் பக்கம்

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் அம்மா கேட்டது சரியான கேள்வி. ஆராய்ச்சிக்காரர்களும் அதையேதான் கேட்டார்கள், கேட்டதோடு நிற்காமல் செய்தும் பார்த்தார்கள். அதைச் சொல்வதற்கு முன் ஒரு திருத்தம். நீங்கள் சொன்ன மூன்றில் மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும்தான் சிவப்புப் பாசி. கட்டக்கோரை பழுப்புப் பாசி, அது வேறு குடும்பம். காயப்போட்டு எல்லாம் ஒரே நிறமாகப் போன பிறகு யாருக்கும் குழம்பும்.

ரூபிஸ்கோ என்பது காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரைக்கான வழியில் ஏற்றிவிடும் புரதம் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் இரண்டு குறைகள். ஒன்று, மந்தம், ஓர் இடத்தில் நொடிக்கு ஏறக்குறைய 3 மூலக்கூறுதான் பிடிக்கும், அதனால் செடி அதை மலைபோல் செய்து வைத்துக்கொள்கிறது, இலையில் கரையும் புரதத்தில் பாதி வரைக்கும் இது ஒன்றாகவே இருக்கும். இரண்டாவது, ஆள் தெரியாமல் பிடிப்பது. கரியமில வாயு என்று நினைத்து நாலு தடவைக்கு ஒரு தடவை அளவுக்கு ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. அந்தத் தப்பைச் சரிசெய்ய ஏற்கெனவே பிடித்த கரியில் கொஞ்சத்தையும் இருக்கிற ஆற்றலில் கொஞ்சத்தையும் செடி இழக்க வேண்டும், பாடத்தில் ஒளிச்சுவாசம் என்று வருவது இதுதான். வெயில் ஏற ஏற தப்பு கூடும். மழை தவறி இலைத்துளைகள் மூடிக்கொண்டால் இலைக்குள் கரியமில வாயு குறைந்து இன்னும் கூடும். ஆவணியில் புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் மாவட்டத்து நெல்லுக்கு இது ஏட்டுப் பிரச்சினை இல்லை.

இப்போது பாசி. கிரிஃபித்சியா என்ற சிவப்புப் பாசியின் ரூபிஸ்கோ, ஆக்சிஜனையும் கரியமில வாயுவையும் பிரித்தறிவதில் புகையிலையுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சாமர்த்தியம் உள்ளது. ஒரே பெயருள்ள புரதம்தான், அமினோ அமிலங்களின் வரிசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சரி, அந்த மரபணுவை எடுத்துப் பயிரில் வை என்று ஒரு குழு இறங்கியது. கிரிஃபித்சியாவுடையதை அல்ல, கால்டீரியா என்ற இன்னொரு சிவப்புப் பாசியின் மரபணுவையும் டையட்டம் என்ற நுண்பாசி ஒன்றின் மரபணுவையும் புகையிலையின் பசுங்கணிகத்துக்குள், அதாவது ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சைப் பைக்குள், வைத்தார்கள். முடிவு 2001ல் வெளிவந்தது. புரதம் ஏராளமாக உண்டானது. ஆனால் ஒன்றுகூட வேலை செய்யவில்லை!

காரணம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி. ரூபிஸ்கோ ஒற்றைத் துண்டு அல்ல, பெரியது எட்டு, சிறியது எட்டு, பதினாறும் சேர்ந்து பூட்டிக்கொண்டால்தான் வேலை. அந்தப் பூட்டுதல் தானாக நடக்காது. மடித்துவிட, பிடித்துக்கொடுக்க, நேரம் பார்த்து விட்டுவிட என்று தனியாகத் துணைப் புரதங்கள் உண்டு, அவை அந்தந்தச் செடியின் ரூபிஸ்கோவுக்குப் பழகியவை. பாசியின் துண்டுகள் புகையிலைக்குள் போனபோது அவற்றைச் சேர்த்துக் கட்டத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. பலகையெல்லாம் வந்து இறங்கி, கட்டுகிற ஓடாவி வராத வள்ளம் மாதிரி குவிந்து கிடந்துவிட்டன. 2017ல் வேறொரு குழு ஒரு செடியின் ரூபிஸ்கோவைப் பாக்டீரியாவுக்குள் முதன்முதலாகக் கட்டிக்காட்டியது, அதற்கு அந்தச் செடியின் ஐந்து வகைத் துணையாட்களையும் கூடவே கொண்டுபோக வேண்டியிருந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. நெல்லில் பெரிய துண்டின் மரபணு பசுங்கணிகத்திலும் சிறிய துண்டின் மரபணு உட்கருவிலும் இருக்கிறது, சிவப்புப் பாசியிலோ இரண்டும் பசுங்கணிகத்திலேயே. இரண்டு வீட்டில் இருப்பவர்களைக் கலந்துபேச வைக்கிற வேலை அது.

அப்புறம், ஓர் இடத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். ஆகும், சில நேரம் நன்றாகவே ஆகும், ஆனால் விலை இருக்கிறது. அட்ரசின் என்ற களைக்கொல்லி, இலையில் டி1 என்ற புரதத்தில் ஒரு பொந்துக்குள் புகுந்து எலக்ட்ரான் போகிற வழியை அடைத்துவிடும், ஒளிச்சேர்க்கை நின்று களை சாகும். 1970ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து, இந்த வகை மருந்துக்குச் சாகாத ஒரு களை பற்றி முதல் செய்தி வந்தது. பின்னால் நம் முளைக்கீரையின் உறவான ஒரு களைக்கீரையில் அந்த மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, டி1 புரதத்தின் 264ஆவது இடத்தில் செரின் போய் கிளைசின் வந்திருந்தது. ஒரே ஒரு அமினோ அமிலம். மருந்து பிடித்துக்கொள்ள இடமில்லாமல் போனது. ஆனால் செடிக்குள் எலக்ட்ரானை அடுத்த கைக்கு மாற்றும் வேகமும் குறைந்துவிட்டது, மருந்தடிக்காத வயலில் இந்தக் களை சாதாரணக் களையோடு போட்டி போட முடியாமல் பின்தங்கும். (மரபணு பசுங்கணிகத்தில் இருப்பதால் இந்தக் குணம் தாய்ச் செடி வழியாகவே இறங்கும், மகரந்தம் வழியாக இறங்காது. தேர்வுக்கு வேண்டுமானால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.)

ஒளிச்சேர்க்கையைத் திருத்தியதில் வளர்ச்சி இருபது சதவீதம் கூடியது என்று செய்தித்தாளில் வருகிறதே, அது வேறு விஷயம், அங்கே புரதத்தின் வடிவத்தை மாற்றவில்லை, அளவைக் கூட்டினார்கள். கடும் வெயிலில் இலை கருகாமலிருக்கச் செடி கூடுதல் வெளிச்சத்தைச் சூடாக வெளியே தள்ளும், மேகம் வந்து நிழல் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அதே வேலையைப் பார்த்து வெளிச்சத்தை வீணடிக்கும். அந்தத் திரும்புதலை வேகப்படுத்த மூன்று புரதங்களைக் கூட்டியபோது புகையிலை 14 முதல் 20 சதவீதம் வரை கூடுதலாக வளர்ந்தது, 2016ல். சோயாவில் ஒரு பருவம் விளைச்சல் நன்றாகக் கூடியது, அடுத்த பருவம் செடிகள் சாய்ந்துவிட, அந்தக் கூடுதல் காணோம். அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் அதே வேலையைச் செய்தபோது வளர்ச்சி குறைந்தே போனது. தலைப்பில் போடுகிறவர்கள் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், எனக்கு அதில்தான் எரிச்சல்.

என்னைக் கேட்டால், ரூபிஸ்கோவைத் திருத்துவதை விட அதைச் சுற்றியிருப்பதைத் திருத்துவதுதான் சீக்கிரம் பலன் தரும். சோளம், கம்பு, குதிரைவாலி எல்லாம் அதைத்தான் செய்தன. முதலில் வேறொரு புரதம் கரியமில வாயுவைப் பிடிக்கிறது, அதற்கு ஆக்சிஜனோடு குழப்பமே கிடையாது. பிடித்ததை உள்ளறைக்குக் கொண்டுபோய் அங்கே நெருக்கமாக அடைக்கிறார்கள், ரூபிஸ்கோ அந்த உள்ளறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறது, தப்புச் செய்ய வாய்ப்பு குறைவு. முதலில் பிடிக்கும் அந்தப் புரதமும் பழைய புரதம்தான், ஃபிளாவேரியா என்ற செடிக் கூட்டத்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோது 774ஆவது இடத்தில் அலனின் போய் செரின் வந்ததுதான் முக்கிய மாற்றங்களில் ஒன்று என்று தெரிந்தது. ஒற்றை மாற்றம் இங்கே நல்லதே செய்திருக்கிறது, ஆனால் உள்ளறை, கதவு, ஆள் எல்லாம் கூடவே மாறிய பிறகு. நெல்லுக்கும் அந்த உள்ளறையைக் கட்டிக் கொடுக்கலாம் என்று உலகளவில் பல ஆண்டுகளாக ஒரு பெரிய முயற்சி நடந்துகொண்டிருக்கிறது. நெல் இன்னும் சம்மதிக்கவில்லை.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: பாசியை எடுத்து வைத்தும் பார்த்தார்கள், கட்டிக்கொடுக்க ஆளில்லாமல் கிடந்துவிட்டது. விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கிறவருக்கு, ஓரிடத்துப் பொருள் இன்னோரிடத்தில் ஒட்டாது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

உள்ளறையைப் பார்க்க ஆசையிருந்தால் கல்லூரி நுண்ணோக்கியே போதும். குதிரைவாலி இலை ஒன்று, நெல் இலை ஒன்று, பிளேடால் மெல்லிய குறுக்குவெட்டு. குதிரைவாலியில் ஒவ்வொரு நரம்பையும் சுற்றிக் கரும்பச்சை வளையம் தெரியும். நெல்லில் அது அவ்வளவு பச்சையாக இருக்காது. படம் எடுத்தால் எனக்கும் அனுப்புங்கள்.