யானைமலையை வரையும் பெண்ணை எங்கே சேர்ப்பது?

அம்மா, மதுரை ஒத்தக்கடையிலிருந்து நீங்களும் உங்கள் கணவரும் வந்தபோது பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. பிளஸ் டூ படிக்கிற மகள் நோட்டு நோட்டாக வெறும் நிறத் திட்டுகளாகப் போட்டு வைத்திருக்கிறாள், என்ன ஏது என்று புரியவில்லை, பிள்ளைக்கு ஏதாவது கோளாறா என்று பயந்தீர்கள். கோளாறு ஒன்றும் இல்லை. எனக்குக் கவலை தருவது அவள் தாய்மாமன் சொல்லும் யோசனைதான். நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கச் சொல்கிறார். வாங்காதீர்கள். மனசில்லாத படிப்பைப் பிள்ளை பாதியில் விட்டாலும் அடகுக்கடை வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அந்த நோட்டுகளை நிதானமாகப் பார்த்தேன். சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த அந்தப் பக்கங்கள் எல்லாம் உங்கள் ஊர் யானைமலைதான். காலை வெயிலில் ஒரு நிறம், மழையில் பாறை நனைந்த பிறகு வேறொரு நிறம். மலையின் வடிவத்தை விட்டுவிட்டு அதன் கனத்தையும் வெளிச்சத்தையும் மட்டும் பிடிக்கப் பார்க்கிறாள். இதற்கு அரூப ஓவியம் என்று பெயர். இப்படி வரைந்து பேர் வாங்கிய ஓவியர் எஸ்.எச். ரசாவின் அப்பா வனத்துறை ரேஞ்சர். மத்தியப் பிரதேசக் காட்டுப் பக்கம் வளர்ந்த ரசா முதலில் நிலக்காட்சிகளை வரைந்தார். வட்டமும் புள்ளியுமாக அவர் ஓவியம் மாறியது வெகுகாலம் கழித்து. நம் தமிழ்நாட்டு ஓவியர் கே.எம். ஆதிமூலம் 1938-இல் திருச்சி மாவட்டக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, காந்தியைக் கோட்டோவியமாகத் திரும்பத் திரும்ப வரைந்து கை பழகிய பிறகுதான் நிலத்தையும் வானத்தையும் வண்ணப் பரப்புகளாக ஆக்கினார்.

அந்தக் கல்லூரியைத்தான் நான் சொல்ல வருகிறேன். சென்னையில் 1850-இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி. கும்பகோணத்திலும் ஒரு அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிப்பது பி.எஃப்.ஏ., அதாவது கவின் கலையில் இளங்கலை, நான்கு வருடப் பட்டம். வண்ணக்கலை, சிற்பம், காட்சிவழித் தகவல் வடிவமைப்பு (விஷுவல் கம்யூனிகேஷன்) என்று பிரிவுகள் உண்டு. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் குறைவு. ஆனால் பெயிண்ட், கான்வாஸ், பிரஷ் செலவு மாதாமாதம் வரும், அதற்கும் விடுதிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இதே படிப்பைத் தனியாரில் லட்சக்கணக்கில் கொடுத்துப் படிக்க வேண்டாம்.

சேர்வதற்குத் திறனறித் தேர்வு உண்டு. அங்கே கண்ணால் பார்ப்பதை வரையத் தெரிய வேண்டும். வண்ணத் திட்டு மட்டும் போதாது, இதை அவளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தினமும் பென்சிலில் செம்பு, செருப்பு, உட்கார்ந்திருக்கும் பாட்டி, கை விரல்கள் என்று வரையட்டும். ஞாயிற்றுக்கிழமை அரிட்டாபட்டிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர், உங்களுக்குப் பக்கம்தானே. ஒரே பாறையை காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் வரையட்டும். தேதி போட்டு எல்லாவற்றையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். எப்படி வளர்ந்தாள் என்பது அவளுக்கே தெரியும்.

வருமானத்தைப் பற்றி உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. படித்து முடித்த கையோடு ஓவியம் விற்றுக் குடும்பம் நடத்த முடியாது. வடிவமைப்பு வேலை, பள்ளியில் ஓவியம் கற்றுக்கொடுப்பது என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டே வரைய வேண்டியிருக்கும். 18 முதல் 25 வயதுக்குள் இருக்கும் இளம் கலைஞர்களுக்கு மத்திய கலாச்சார அமைச்சகம் உதவித்தொகை தருகிறது, அந்த அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

அப்புறம், மாமாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும், அம்மா. பதினேழு வயதுப் பிள்ளையைச் சொந்தக்காரர்கள் முன்னால் நிறுத்தி விளக்கம் சொல்ல விடாதீர்கள். பேசி முடித்துவிட்டு, இந்த வருடச் சேர்க்கை அறிவிப்பு எப்போது என்று இரண்டு கல்லூரிகளிலும் விசாரியுங்கள். பெண்கள் விடுதி இருக்கிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.