கேள்வி-பதில்: ஜிம் உடையைத் திரும்ப எடுக்கமாட்டார்களாமே?

கேள்வி: அக்கா, ஒரு பிரபலமான பிராண்ட் கடையில் 699 ரேண்டுக்கு லெக்கிங்ஸ் வாங்கினேன். மூணே வாரத்தில் தொடைப் பக்கம் தையல் விட்டுப்போச்சு. கொண்டுபோனால், "உள்ளாடை, ஜிம் உடை திரும்ப எடுப்பதில்லை, சுகாதாரம்" என்று கல்லாவுக்கு மேலே ஒட்டிய தாளைக் காட்டுகிறார்கள். இவ்வளவுதானா?
— வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: விடாதீர்கள், தங்கச்சி. மனசு மாறினவர்களுக்கும் அளவு தப்பாக எடுத்தவர்களுக்கும்தான் அந்தத் தாள். பழுதான சரக்குக்கு அது செல்லாது. நம் தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் (2008) 56-வது பிரிவுப்படி, 6 மாதத்துக்குள் பழுதான பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். தைத்துக் கொடுப்பதா, புதிது தருவதா, பணமா என்பதைச் சொல்ல வேண்டியது நீங்கள். "கிரெடிட் நோட் தர்றோம்" (பணத்துக்குப் பதில் அதே கடையில் வாங்கிக்கொள்ளும் சீட்டு) என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

துவைத்து, ரசீதோடு கொண்டுபோங்கள். பிரிந்த இடத்தை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நூல் அறுந்திருக்கிறதா, துணியே கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். நூல் மட்டும் விட்டிருந்தால் தையல் குறைதான் என்று வாதாடுவது சுலபம். டிரையரில் போட்டீர்களா என்றுதான் அவர்கள் முதலில் கேட்பார்கள். லேபிளில் போடக்கூடாது என்றிருந்து போட்டிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். அப்படியும் மறுத்தால் கடைகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் நுகர்வோர் பொருள் மற்றும் சேவை ஆம்புட்ஸ்மனுக்கு எழுதுங்கள், கட்டணம் கிடையாது.

கேள்வி: திடீரென்று எங்கே பார்த்தாலும் ஜட்டி, பனியன், ஜிம் உடை பிராண்டுகள். இவ்வளவு விலை தகுமா?
— வாசகர், டோங்காட்

பதில்: கொரோனாவில் வீட்டில் இருந்தபோது இழுபடும் துணிக்குப் பழகினோம், இப்போது அதையே மாலுக்கும் போட்டுப் போகிறோம். இடுப்பு எலாஸ்டிக்கில் பெயர் தெரிவதற்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம். இந்தப் பெயர்களில் பலவற்றுக்குச் சொந்தமாக ஆலையே கிடையாது. திருப்பூர் பல வருஷம் வெளிநாட்டுப் பெயர்களுக்குத் தைத்துக் கொடுத்த ஊர். ராம்ராஜ் போல அங்கிருந்தே சொந்தப் பெயரில் வளர்ந்தவர்களும் உண்டு. இந்தியாவில் ஜாக்கியைத் தயாரிப்பது, உரிமம் வாங்கிய பெங்களூரு பேஜ் இண்டஸ்ட்ரீஸ். அதனால் சென்னையில் எடுத்த ஜாக்கியின் அளவு இங்கே விற்பதிலும் அப்படியே பொருந்தும் என்று நம்பி அரை டஜன் வாங்கிவிடாதீர்கள். டர்பனில் நம் பெண்கள் நிறையப் பேர் தையல் ஆலைகளில் வேலை பார்த்தார்கள். இறக்குமதி வந்து பல ஆலைகள் மூடிவிட்டன. அந்த அம்மாக்களில் ஒருவரைக் கடைக்குக் கூட்டிப்போனால் லேபிளே பார்க்க வேண்டாம், உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தே தரத்தைச் சொல்லிவிடுவார்.

அப்படி ஒருவர் கிடைக்காதவர்கள், துணியை விரலில் மாட்டி இழுங்கள். விரல் பளிச்சென்று தெரிந்தால் குனியும்போதும் தெரியும். விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பாவிட்டால் சீக்கிரமே முட்டியில் தொங்கும். எலாஸ்டேன் (இழுபடும் நூலிழை) கலந்ததற்கு ப்ளீச் வேண்டாம், துணி மிருதுவாக்கி வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கியது பிடிக்கவில்லை. திருப்பலாமா?
— வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: வந்த 7 நாளுக்குள், காரணம் சொல்லாமலே திருப்பலாம். திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. போட்டுப் பார்க்கும்போது லேபிளைக் கத்தரிக்காதீர்கள்.