மாக்டெல்: எந்தப் படம் எதைக் காட்டும்?

பாலக்கோட்டிலிருந்து ஒரு அண்ணன்: தக்காளி மண்டியில் சிட்டை படிக்கும்போது நடுவில் ஓரிரு எழுத்து விழுந்துவிடுகிறது. சுகர் உண்டு. கண் ஆஞ்சியோவில் (சாய ஊசி போட்டு விழித்திரை ரத்தக்குழாய்களை எடுக்கும் படம்) கசிவு, கண்ணுக்குள் ஊசி போடணும் என்றார் ஒரு டாக்டர். ஓசிடி (விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஒளி ஸ்கேன்) பார்த்த இன்னொருவர் மாக்டெல் (விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய்) என்கிறார். யாரை நம்புவது?

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ஆஞ்சியோவில் மேக்குலாவின், அதாவது விழித்திரை நடுப்பகுதியின், காதுப்பக்கம் சாயம் கசிந்து வெளுப்பாகத் தெரிவது உண்மைதான், ஆனால் சுகரிலும் அப்படித் தெரியும், குழப்பமே அங்கேதான். ஓசிடி இங்கே தெளிவாகப் பேசுகிறது: சுகர் வீக்கமென்றால் விழித்திரை தடித்திருக்கும், உங்களுக்குத் தடிப்பே இல்லை, நடுவில் சின்னச் சின்னக் கருப்பு இடைவெளிகள், மேலே மெல்லிய சவ்வு மட்டும் துணி போர்த்தினாற்போல, கீழே ஒளியை வாங்கும் செல்களின் வெள்ளைக்கோடு ஓரிடத்தில் அறுந்திருக்கிறது. எழுத்து விழுவது அதனால்தான். அந்த இடைவெளிகள் நீர் கோத்தவை அல்ல, திசு தேய்ந்துபோன இடம், ஊசி போட்டு வற்றவைக்க அங்கே எதுவும் இல்லை. பின்னால் புது ரத்தக்குழாய் முளைத்தால் ஊசி அவசியம், இப்போது அவசரப்பட வேண்டாம். இது பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும், அதனால் மறு கண்ணுக்கும் ஓசிடி எடுத்து, இரண்டையும் ரெட்டினா டாக்டரிடம் நேரில் காட்டுங்கள்.

ஓசூர் வாசகி: ஓசிடி ஆஞ்சியோ எடுத்தால் சாய ஊசி தேவையில்லையா?

தொடர்ந்து கவனிக்க அது போதும், அதைத்தான் நான் விரும்புவேன். ரத்த ஓட்டத்தை வைத்தே குழாய்களை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும், மாக்டெல்லில் ஆழ்ந்த அடுக்குக் குழாய்கள் விரிந்திருப்பது அதில் நன்றாகவே தெரியும். ஆனால் கசிவைக் காட்டாது, கண் அசைந்தால் படம் கெட்டுவிடும். நோய் எதுவென்று சந்தேகம் தீரவில்லை என்றால் சாய ஆஞ்சியோவைத் தட்டாதீர்கள்.

அரூர்: அம்மாவுக்குச் சாய ஊசிக்குப் பின் குமட்டல், சிறுநீர் மஞ்சள். பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம் தம்பி, சாயம் சிறுநீரகம் வழியே போகிறது, ஒரு நாளில் சரியாகிவிடும், குமட்டல் சில நிமிடம்தான். தோலில் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் மட்டும் கட்டாயம் சொல்லிக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி: ஆட்டோஃப்ளோரசன்ஸ் எழுதியிருக்கிறார்கள், வீண் செலவா?

இல்லை. விழித்திரை தானே உமிழும் ஒளியைப் பிடிக்கும் படம் அது, ஊசி கிடையாது, சட்டென்று முடிந்துவிடும். மேக்குலாவின் மஞ்சள் நிறமி குறைவதால் இருட்டாக இருக்க வேண்டிய நடுப்பகுதி வெளிச்சமாகத் தெரியும், சுகரிலிருந்து பிரித்தறிய அது நல்ல துப்பு. அப்புறம், 2025 மார்ச்சில் அமெரிக்காவில் மாக்டெல்லுக்கென்றே கண்ணுக்குள் வைக்கும் சிகிச்சை ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது, செல் அழிவை மெதுவாக்கும். நாளை எந்தச் சிகிச்சை வந்தாலும் பழைய படங்களோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்வார்கள், ஆகவே சேலமோ பெங்களூரோ போகும்போது ரிப்போர்ட் தாளோடு படங்களையும் பென்டிரைவில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.