லிப்ரே ஆபிஸ் படிக்கும் பையனை எம்.எஸ். ஆபிஸ் கோர்ஸில் சேர்க்கட்டுமா?

கேள்வி: என் மகன் கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸும், எம்.எஸ். ஆபிஸுக்குப் பதில் லிப்ரே ஆபிஸும்தான்; இரண்டும் இலவசம். பொள்ளாச்சியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர், 'இதை வைத்து வேலை கிடைக்காது, எம்.எஸ். ஆபிஸ் கோர்ஸில் சேருங்கள். லேப்டாப்பிலும் எல்லாம் போட்டுத் தருகிறேன்' என்கிறார். சேர்க்கட்டுமா?

பதில்: வேண்டாம். எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்பதைத்தான் அந்த கோர்ஸில் சொல்லித் தருவார்கள். 2007-ல் மைக்ரோசாஃப்ட் பழைய மெனுவைத் தூக்கிவிட்டு பட்டன்களை மேலே வரிசையாகக் காட்டும் ரிப்பனைக் கொண்டுவந்தபோது, மெனுவை மனப்பாடம் செய்தவர்கள்தான் திண்டாடினார்கள்.

பையனுக்கு விஷயம் புரிந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். லிப்ரே ஆபிஸின் கணக்குத்தாளான கால்க்கில் பி2 முதல் நான்கு சாமான்களின் விலையும், இ1-ல் 5% வரியும் போட்டு, வரித்தொகையைச் சி பத்தியில் கணக்கிடச் சொல்லுங்கள். சி2-ல் '=பி2*இ1' (=B2*E1) என்று போட்டுக் கீழே இழுத்தால் முதல் வரி சரியாக வரும், மற்றவை பூஜ்யமாகும். இழுக்கும்போது இ1-ம் ஒரு கட்டம் இறங்கி, காலியான இ2-ஐப் பார்க்கிறது. '$இ$1' என்று பூட்டினால் நகராது. எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் இதே கதைதான். பூஜ்யம் ஏன் வந்தது என்று பையன் சொல்லிவிட்டால் எக்செல்லுக்குத் தனி ஃபீஸ் தண்டம்.

லிப்ரே ஆபிஸில் கட்டுரை தட்டும் ரைட்டரில், பத்துப் பக்கப் பாடத்தில் எல்லாத் தலைப்புகளையும் நீல நிறமாக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகத் தேடி மாற்றினால் இன்னும் கற்கவில்லை. எஃப்11 அழுத்தி, வரும் ஸ்டைல் பட்டியலில் தலைப்பு ஸ்டைலை ஒரே இடத்தில் மாற்ற வேண்டும். மெனு வரிசையை நோட்டில் எழுதவைத்து மார்க் போடும் பள்ளிகள் எல்லையின் இரு பக்கமும் உண்டு. அங்கே மென்பொருள் இலவசமாக இருந்தும் என்ன பிரயோஜனம்?

'எல்லாம் போட்டுத் தருகிறேன்' என்றால் பெரும்பாலும் லைசென்ஸ் இல்லாமல் கிராக் செய்த விண்டோஸும் ஆபிஸும்தான். அதை ஓட்ட ஆண்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். வைரஸ் நுழைவது அந்த நேரத்தில்தான். லினக்ஸ் போட்டதற்கு 'லைசென்ஸ் சார்ஜ்' என்று ரசீதில் எழுதினால் கொடுக்காதீர்கள். கூலி கேட்டால் நியாயம். கேரள அரசு நிறுவனமான கைட், பள்ளிகளுக்கான லினக்ஸை இலவசமாகவே தருகிறது. 16 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, முதலில் இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டி, வைஃபையும் சவுண்டும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஃபைல்களை வேறிடத்தில் காப்பி எடுத்த பிறகே இன்ஸ்டால். 'டிஸ்க் முழுவதையும் அழி' என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸும் படங்களும் சேர்ந்தே போய்விடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு: கணக்கு எழுதும் மென்பொருளான டேலி. பையன் பிளஸ் ஒன்னில் காமர்ஸ் எடுத்து, பொள்ளாச்சி, கோவைப் பக்கம் கணக்கர் வேலைக்குப் போவதானால், முதலாளி கேட்பது டேலியைத்தான். அது விண்டோஸுக்கானது. ஆனால் பற்று, வரவு புரியாமல் டேலிக்குப் போகிறவன் வவுச்சர் (கணக்குப் பதிவு) போடத் தெரிந்தவனாக மட்டுமே வெளியே வருவான். ஆண்டு முடிவில் இருப்பு இடித்தால் எங்கே தேடுவது என்று தெரியாது. ஆகவே முதலில் ஒரு கடையின் ஒரு மாதக் கணக்கை, க்னுகேஷ் என்ற இலவசக் கணக்கு மென்பொருளில் போடட்டும். ஒவ்வொரு பதிவும் இரண்டு கணக்குகளைத் தொடுவதை அதில் கண்ணால் பார்க்கலாம். பிறகு டேலியின் கல்விப் பதிப்பில் பழகலாம். அதற்குப் பணம் வேண்டாம். மாதத்தில் சில தேதிகளுக்கு மட்டுமே பதிவு போடவிடும், பழகுவதற்கு அது தாராளம்.