ஓட்டுநேரத்தைப் பதிவுசெய்யும் கருவி லாரி ஓட்டுநரின் அழுத்தத்தைக் குறைக்குமா?

கேள்வி: பெங்களூரு யஷ்வந்தபுரத்தில் ஆறு லாரிகள் வைத்துத் தொழில் செய்கிறேன். அமெரிக்காவில் லாரிகளுக்கு மின்னணு ஓட்டுநேரப் பதிவுக் கருவி கட்டாயம் என்று கேள்விப்பட்டேன். அதனால் அங்கே ஓட்டுநர்களின் மன அழுத்தமும் விபத்துகளும் குறைந்தனவா? என் வண்டிகளிலும் அதுபோல ஒன்றைப் பொருத்தலாமா?

பெங்களூரில் இருந்தபடியே அமெரிக்க லாரி நிறுவனம் ஒன்றின் ஓட்டுநேரப் பதிவுகளைச் சரிபார்க்கும் இரவுப் பணியில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். என் அப்பா சங்ககிரியிலிருந்து மும்பைக்கும் பெங்களூருக்கும் இருபத்தெட்டு ஆண்டுகள் லாரி ஓட்டியவர். நான் கண்டவரை, அந்தக் கருவி பொய்க்கணக்கை வெகுவாகக் குறைத்திருக்கிறது. ஆனால் ஓட்டுநரைக் காக்கவைப்பவர்களை அது தொடவே இல்லை. அழுத்தத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் பிறக்கிறது.

அமெரிக்க விதிப்படி, தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வில் இருந்த ஓட்டுநர், வேலையைத் தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 11 மணி நேரம் வண்டி ஓட்டலாம். முன்பு இதைக் காகிதப் புத்தகத்தில் அவரவரே கோடு போட்டு எழுதிவந்தார்கள். அதில் கற்பனை மிகுதி என்பதால் ஓட்டுநர்களே அதைக் 'காமிக் புத்தகம்' என்று அழைத்தார்கள். 2012-ல் வந்த சட்டத்தின்படி, கருவியைக் கட்டாயமாக்கும் விதி 2015 டிசம்பரில் வெளியாகி, 2017 டிசம்பர் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. 2018 ஏப்ரல் முதல், கருவி இல்லாத வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவைக்கத் தொடங்கினார்கள். கருவி எஞ்சினோடு இணைந்திருக்கும். வண்டி மணிக்கு 5 மைல் வேகத்தை எட்டியதும் 'ஓட்டுகிறார்' என்று தானாகக் குறித்துக்கொள்ளும். அப்படிப் பதிவான நேரத்தை யாராலும் பிறகு குறைக்க முடியாது.

இதில் ஓட்டுநருக்கு உண்மையான நன்மை ஒன்று உண்டு. நேரம் முடிந்துவிட்டது என்று ஓட்டுநர் சொன்னால், 'எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடு, கணக்கைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்' என்று சொல்ல அலுவலகத்துக்கு இப்போது வழியில்லை. திரையில் இருப்பதை இரு தரப்பும் பார்க்கிறோம். கருவியைக் காட்டி ஓட்டுநரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதும் அந்த விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மறுத்துப் பேசத் தயங்கும் புதிய ஓட்டுநர்களுக்கு இது பெரிய துணை என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி மறுபக்கம். காலை 6 மணிக்கு வேலையைத் தொடங்கும் ஒருவர் 7 மணிக்குக் கிடங்கு வாசலுக்கு வந்துவிடுகிறார். சரக்கை இறக்கி அனுப்பும்போது மதியம் 1 மணி. இடையில் வரிசை நகரும்போதெல்லாம் வண்டியை நகர்த்த வேண்டும், கூப்பிட்டால் ஓட வேண்டும். அதற்குப் பெயர் ஓய்வன்று. அவருடைய 14 மணி நேரம் இரவு 8 மணிக்கு முடிகிறது, அடுத்த இடமோ 7 மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது. டீசல் போடவோ சாப்பிடவோ சிறுநீர் கழிக்கவோ ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. பெரும்பாலான நெடுந்தூர ஓட்டுநர்களுக்கு ஓடிய மைலுக்குத்தான் சம்பளம் என்பதால், நின்ற நேரத்துக்குக் காசும் பெரும்பாலும் கிடையாது. என் திரையில் அவருக்கு மிச்சமிருக்கும் நேரம் 2:10, 1:45, 0:50 என்று இறங்கிக்கொண்டே வரும். அதே எண் அவர் முன்னாலும் இறங்குகிறது. ஒருமுறை தொலைபேசியில் பேசிய ஒரு முதியவரின் குரலில் இருந்த நடுக்கம் இன்றும் என் காதில் இருக்கிறது. அவர் தூக்கக் கலக்கத்தில் இல்லை. நேரம் முடிவதற்குள் நிறுத்த இடம் கிடைக்குமா என்பதுதான் அவர் பயம். 2012-ன் அதே சட்டத்தில்தான், இடமில்லாமல் கைவிடப்பட்ட பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தி ஓய்வெடுத்தபோது கொல்லப்பட்ட ஓட்டுநரின் பெயரால் அமைந்த, லாரி நிறுத்துமிடங்களுக்கான 'ஜேசன் சட்டமும்' இருக்கிறது. கருவி பெரும்பாலான வண்டிகளுக்கு வந்துவிட்டது, நிறுத்துமிடம் இன்னும் போதவில்லை.

2020 செப்டம்பரில் ஓட்டுநேர விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். குறைந்தது 2 மணி நேர ஓய்வையும் குறைந்தது 7 மணி நேரப் படுக்கை ஓய்வையும் சேர்த்து மொத்தம் 10 மணி ஆனால், அந்த ஓய்வு 14 மணிக் கணக்கில் சேராது. காத்திருக்கும்போது உண்மையாகவே படுக்க முடிந்தவருக்கு இது உதவுகிறது.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கருவியைக் கட்டாயமாக்கும் விதியால் ஆண்டுக்கு 26 உயிர்கள் காக்கப்படும் என்று 2015-ல் அரசு மதிப்பிட்டது. ஆனால் அலெக்ஸ் ஸ்காட், ஆண்ட்ரூ பால்த்ராப், ஜேசன் மில்லர் ஆகியோர் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டுநேர மீறல்கள் வெகுவாகக் குறைந்தும் விபத்துகள் குறைந்ததாகத் தெரியவில்லை. சிறு நிறுவனங்களின் வண்டிகளில் வேகமீறல் போன்ற ஆபத்தான ஓட்டம் கூடவே செய்தது. இழந்த நேரத்தைச் சாலையில் பிடிக்கிறார்கள் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். இதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது 2018-ல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தணிக்கைப் பிரிவு சொன்னது: ஏற்றி இறக்கும் இடத்தில் தங்கும் நேரம் சராசரியாக 15 நிமிடம் கூடினால், எதிர்பார்க்கப்படும் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடுகிறது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. "ஏங்கண்ணு, ஓட்டறதுல யாரு செத்தா? நின்னு நின்னுதான் உசுரு போச்சு" என்றார். ஹால்டிங் என்று இரண்டு நாள் வண்டியை நிறுத்திவைத்துவிட்டு, மாலையில் லோடு ஏற்றி, விடிவதற்குள் வந்து சேரச் சொல்வார்களாம். தூக்கம் கண்ணை இழுக்கும்போது கடிப்பதற்காக டேஷ்போர்டில் பச்சை மிளகாய் வைத்திருப்பார். தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் ஒன்றைக் கடித்துவிட்டுத்தான் இறங்குவாராம். அந்த இரண்டு நாட்களுக்கான பணத்தை முதலாளி வாங்கினாரா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. 1988-ன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவும் அதையே சுட்டுகிறது. விமானிகளுக்கு இருப்பதுபோல லாரி ஓட்டுநர்களுக்கும் ஓட்டுநேர வரம்பு வேண்டும் என்று 2021-ல் அமைச்சர் நிதின் கட்கரி பேசினார். ஆனால் நம் ஓட்டுநரின் தலைமேல் இன்று உண்மையில் ஓடுகிற கடிகாரம், சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டான இ-வே பில்தான். 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதன் கெடு கணக்கிடப்படுகிறது. அது சரக்கின் கெடு. ஓட்டுநர் தூங்கினாரா என்பது அதில் எங்கும் இல்லை.

எனவே, தாராளமாகப் பொருத்துங்கள்; ஆனால் அது உங்கள் கையில் மட்டும் இருக்க வேண்டாம். உங்கள் கைபேசியில் தெரிவது ஓட்டுநரின் கைபேசியிலும் தெரியட்டும். வண்டி கிடங்கு வாசலுக்குள் நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் எல்.ஆர். (லாரி ரசீது) தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். ஹோஸ்கோட்டை, நெலமங்கலக் கிடங்குகளில் முதலில் மறுப்பார்கள். கருவியின் பதிவை முன்னால் வைத்தால் மறுப்பது கடினம். அதைக் காட்டி ஹால்டிங் பணத்தைக் கேளுங்கள், வந்ததில் ஓட்டுநரின் பங்கை அந்த நடைக்கான பேட்டாவோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். ஆறு மணி நேரத்துக்குமேல் காத்திருந்த வண்டியை அன்றிரவே கிளப்ப வேண்டாம். சரக்குக்காரர் கேட்டால், ஓட்டுநர் பெயரைச் சொல்லாமல், நிறுத்தியது நான்தான் என்று நீங்களே சொல்லுங்கள்.