வரலாறு படித்தவருக்குக் கொழும்பில் என்ன வேலை?

மதுரையில் வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு, கணவரின் வேலையை ஒட்டி வெள்ளவத்தைக்கு வந்திருக்கிறீர்கள். "இந்தப் படிப்புக்கு இங்கே வேலை கிடைக்குமா, அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும், ஆனால் பட்டத்தின் பெயரைப் பார்த்து யாரும் கூப்பிட மாட்டார்கள்.

முதலில் விசா. கணவரைச் சார்ந்த விசாவில் இருந்துகொண்டு சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. வேலை தரும் நிறுவனம்தான் உங்களுக்கென்று வதிவிட விசா கேட்டு, பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் திணைக்களத்தில் விண்ணப்பிக்க வேண்டும். "வீட்டில் டியூஷன்தானே, யாருக்குத் தெரியப்போகிறது" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அரசு வேலை நமக்கில்லை. இந்நாட்டுக் கலைப்பட்டதாரிகளே நியமனம் கேட்டு வீதியில் இறங்குகிறார்கள். 2020இல் அரசு 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்க்கத் திட்டம் போட்டது என்றால் நெருக்கடி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வழி இருப்பது மொழி வேலையில். சிங்களமும் தமிழும் இங்கே ஆட்சிமொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. வங்கி, காப்புறுதி நிறுவனம், தொண்டு நிறுவனம் என்று யாராக இருந்தாலும் மூன்று மொழியிலும் எழுத வேண்டியிருக்கிறது. தமிழ்தான் கடைசி நேரத்தில், அரைகுறையாக அச்சுக்குப் போகும். நானும் திருநெல்வேலியிலிருந்து வந்தவள். நேர்முகத் தேர்வில் என் கையில் ஒரு காப்புறுதித் துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்து எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார்கள். பிழை அதிகமில்லை. ஆனால் இழப்பீடு கோரும் கெடு, ஆங்கிலத்தில் விபத்து நடந்த நாளிலிருந்து 30 நாள். தமிழிலோ மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாளிலிருந்து 30 நாள். சிங்களத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன், அதுவும் ஆங்கிலத்தோடு ஒத்துப்போனது. தமிழை நம்பிப் படுக்கையில் கிடந்தவருக்குப் பணம் கிடைத்திருக்காது. வேலை எனக்குக் கிடைத்தது அதைச் சுட்டிக்காட்டியதால்தான். ஆவணங்களை அருகருகே வைத்து எங்கே இடிக்கிறது என்று பார்ப்பது வரலாறு படித்த உங்களுக்குப் பழகியதுதானே?

ஆகவே சிங்கள எழுத்தை இப்போதே தொடங்குங்கள். பேச்சு பிறகு தானாக வரும். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மும்மொழிப் பெயர்ப்பலகைகளே பாடப்புத்தகம். வேலை விண்ணப்பத்தில் ஆய்வேட்டின் தலைப்பை முதல் வரியில் போடாதீர்கள், என் அனுபவத்தில் அதை யாரும் படிப்பதில்லை. நீங்கள் திருத்திய ஒரு பக்கத்தை, திருத்தத்துக்கு முன்னும் பின்னுமாக இணையுங்கள்.

சர்வதேசப் பாடசாலைகளில் ஆசிரியராக முயல்வதென்றால், உங்கள் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டது என்று இலங்கையின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமிருந்து கடிதம் வாங்கி வைத்திருங்கள். அலுவலகம் கொழும்பில், வோர்ட் பிளேஸ் என்ற வீதியில். மூலச் சான்றிதழ்கள் ஊரில் இருந்தால் யாராவது வரும்போது கொடுத்தனுப்பச் சொல்லுங்கள், தபாலில் வேண்டாம்.